மேடையில் மூன்று பேருக்குத்தான் இடம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று மூக்குக்கண்ணாடி மாற்ற வந்த ஒரு அம்மா, என் கடை மூலையில் நான் சாத்தி வைத்திருந்த பேஸ் கிடாரைப் பார்த்து, "என்னம்மா, நாலு கம்பிதான் இருக்கு, ரெண்டு அறுந்துபோச்சா?" என்று கேட்டார். "இல்லைங்க, பொறந்ததே இப்படித்தான்" என்றேன். ஐயோ பாவம் என்று ஒரு பார்வை. உடனே கண்ணாடி விலையைக் குறைக்கச் சொன்னார்.

பேஸ் வாசிக்கிறவர்களின் தலையெழுத்து இது. பாடுகிறவனுக்கு போஸ்டர், கிடார்காரனுக்கு விசில், டிரம்ஸ்காரனுக்குக் கைதட்டல். புகைப்படத்தில் ஓரமாக ஒரு தோள் தெரிகிறதே, அதுதான் நான். போகட்டும். தாழ்ந்த சுரம் ஒன்றை அழுத்தும்போது தரை அதிர்ந்து உள்ளங்கால் வழியாக ஏறுகிறதே, அந்தச் சுகம் அவர்களுக்குத் தெரியுமா?

சாயங்காலம் அண்ணன் போனில் கத்தினான். புது ஹோட்டலில் சனிக்கிழமைதோறும் எங்கள் குழு வாசிக்கப் போகிறது. இத்தனை வருடத்தில் எங்களுக்கென்று கிடைத்த முதல் நிரந்தர மேடை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 5, வியாழன்

மேடையைப் போய்ப் பார்த்தோம். மேடையா அது? பெரிய சாப்பாட்டு மேசை. டிரம்ஸ் வைத்தாலே பாதி போய்விடும். மூன்று பேருக்கு மேல் ஏறக்கூடாது என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்.

டிரம்ஸ் வாசிக்கும் டிரைவர் (பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர்) தரையைப் பார்த்தார். கிடார் வாசிக்கும் நெட்டை கூரையைப் பார்த்தான். பாடுகிற என் அருமை அண்ணன்தான் வாயைத் திறந்தான்.

"நீ வாசிக்கிறத ரெக்கார்ட் பண்ணி லேப்டாப்ல போட்டுக்கலாம். உன் வாசிப்பு அப்படியே இருக்கும். நீதான் இருக்க மாட்ட."

எப்படி இருக்கிறது கதை? கறிவேப்பிலைக்குக்கூட இதைவிட மரியாதை உண்டு.

மார்ச் 7, சனி

இன்னும் ஆறவில்லை. தேய்த்துக்கொண்டிருந்த லென்ஸ் ஒன்றை உடைத்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

டிரைவர் வீட்டு கார் ஷெட்டில் உட்கார்ந்து எல்லாப் பாட்டுக்கும் வாசித்துக் கொடுத்தேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது நான்தான். ஏன் ஒத்துக்கொண்டேன்? நான் முரண்டு பிடித்தால் வாய்ப்பு வேறு குழுவுக்குப் போய்விடும். மற்ற மூன்று பேர் வயிற்றெரிச்சலை யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

அண்ணி வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் டீ கொண்டு வந்தார். என் மூஞ்சியைப் பார்த்ததும், "உங்கண்ணனா? எங்க கல்யாண போட்டோலயே இடம் பத்தலைன்னு என் தம்பிய வெளிய நிக்கச் சொன்ன ஆளு" என்றார். சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு கொஞ்சம் அழுதேன், அதையும் எழுதித்தானே ஆகவேண்டும்.

மார்ச் 14, சனி

இன்று ஹோட்டலில் முதல் கச்சேரி. போகவே கூடாது என்று இருந்தேன். அண்ணிதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நல்லவேளை போனேன்.

அண்ணனுக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது கைதட்டிவிட்டால் பாட்டை முடிக்க மாட்டான், ஒரு சரணத்தைக் கூடச் சேர்த்துப் பாடுவான். முன்கூட்டி யாருக்கும் சொல்லவும் மாட்டான். மூச்சை இழுக்கிற சத்தத்தில் எனக்குத் தெரிந்துவிடும். நான் பாட்டை முடிக்காமல் அதே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பேன். என் பேஸைக் கேட்டு மற்ற இருவரும் முடிக்காமல் தொடர்வார்கள். லேப்டாப்புக்கு இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது?

இரண்டாவது பாட்டு, உருக்கமான காதல் பாட்டு. மூலை மேசையில் கைதட்டினார்கள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த சரணத்துக்குப் போனான். என் ரெக்கார்டிங் அதுபாட்டுக்குப் பாட்டை முடித்தது. நெட்டை அதோடு சேர்ந்து முடித்தான். டிரைவர் அண்ணனோடு போனார். அதற்குள் லேப்டாப் மூன்றாவது பாட்டை ஆரம்பித்துவிட்டது, அது குதித்து ஆடுகிற பாட்டு. அண்ணன் "உன்னைப் பிரிந்தேன்" என்று உருகுகிறான், நான் பின்னால் குத்தாட்டம் போடுகிறேன். அடிப்பாவி, காலை வாருவது நானேதானா?

அண்ணி கைத்துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். எனக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அப்புறம் லேப்டாப்பை மூடிவிட்டு, பேஸே இல்லாமல் மிச்சத்தை ஒப்பேற்றினார்கள். உப்பில்லாப் பண்டம். அண்ணன் கழுத்தெல்லாம் வியர்த்திருந்ததைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவன்.

மார்ச் 15, ஞாயிறு

காலையிலேயே அண்ணன் வந்தான். மேனேஜர் இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமை பார்க்கலாம் என்றாராம். சும்மா டம்ளரை உருட்டிக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்.

"நான் இன்னொரு சரணம் பாடப்போறேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"மூச்ச இழுப்ப. மாடு தண்ணி குடிக்கிற மாதிரி கேக்கும்."

"சத்தியமா தெரியாதுடி. நான்தான் உங்க மூணு பேரையும் இழுத்துட்டுப் போறேன்னு நெனச்சிட்டிருந்தேன்."

எல்லாரையும் பிடித்து வைத்திருப்பது நான்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவன் வாயால் கேட்பது வேறு.

"இடத்துக்கு என்னண்ணா பண்ணுவ?"

"அது என் பாடு. நீ வா."

மார்ச் 21, சனி

மேடையில் மூன்று பேர்தான் ஏறினோம். டிரைவர், நெட்டை, நான். அண்ணன் நீள வயர் மைக்கைப் பிடித்துக்கொண்டு கீழே, சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் நின்று பாடினான். தட்டு தூக்கி வந்தவர், "சார், கொஞ்சம் வழி" என்று அவனை இரண்டு தடவை நகர்த்தினார். நகர்ந்துகொண்டே பாடினான். அடுத்த சனிக்கும் வரச் சொல்லிவிட்டார் மேனேஜர்.

காதல் பாட்டு முடிகிற இடத்தில் கைதட்டினார்கள். மாடு தண்ணீர் குடிக்கிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். கேட்கவில்லை. அண்ணன் கண்ணை மூடவில்லை, கீழேயிருந்து அண்ணாந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். முடிக்கவா, பாடவா?

பாடு என்று தலையாட்டினேன்.