பின்பக்கத்தில் எழுதிய பதினாலு மாதம்

சிவமயம்

நீர்வேலி தெற்கு,
18.10.1992

அன்புள்ள மகள் அருந்ததிக்கு அம்மா எழுதுவது,

நானும் அப்பாவும் இங்கே சுகம். சுகம் என்றால் கை கால் இருக்கிறது, தலைக்கு மேலே கூரை இருக்கிறது, கோபப்படுகிற அளவுக்கு உடம்பில் தெம்பும் இருக்கிறது. நீ அந்தக் குளிருக்குள் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். ஆவணியில் நீ போட்ட கடிதம் போன கிழமைதான் கைக்கு வந்தது. கனகாம்பிகை ரீச்சர் கண் காட்டக் கொழும்புக்குப் போகிறார், கிளாலியால் கடல் கடந்து போய் அங்கே தபாலில் சேர்ப்பதாகச் சொன்னார், நாளைக்குப் பயணம், ஆனபடியால் ஒரே மூச்சில் எழுதுகிறேன், எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள். இதரை வாழை இந்தமுறை நல்ல குலை தள்ளியிருக்கிறது, ஆனால் தண்ணீர் இறைக்கிற மெசினுக்கு மண்ணெண்ணெய் இல்லாமல் கையால் இறைத்து அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. தீபாவளிக்கு ஒருவருக்கும் புது உடுப்பில்லை, உள்ளதைத் தோய்க்க ஒரு கட்டிச் சவுக்காரம் கிடைத்தால் அதுவே போதும் என்று இருக்கிறோம்.

இனி என் வயிற்றெரிச்சலைக் கேள். இருபத்தெட்டு வருஷமாக இந்த ஊருக்கு நான்தான் மருத்துவிச்சி, எல்லோருக்கும் மிஸி, இங்கே துள்ளித்திரிகிற பிள்ளைகளில் அரைவாசிப் பேரை முதலில் தொட்டவள் நான். தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டை தொடங்கிப் பாதை பூட்டினதோடு கொழும்பிலிருந்து வருகிற பதிவேடுகளும் நின்றுபோயின. கடையில் எழுதுகிற கொப்பி ஒன்றுகூட இல்லை. பிள்ளைத்தாச்சிமார் கொப்பி வரும் வரைக்கும் காத்திருப்பார்களா? நீ கம்பஸில் படிக்கும்போது அட்சரகணிதம் எழுதிய தாள்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன, ஒருபக்கம் மட்டும் எழுதி மறுபக்கத்தை வெறுமையாக விடுவது உன் பழக்கம், அதற்கு அந்த நாளில் நான் உன்னை எவ்வளவு ஏசியிருப்பேன். அந்தப் பின்பக்கங்களில்தான் கோடு கீறி, பெயர், மாதம், பிரஷர், கால் வீக்கம், கொடுத்த இரும்புச்சத்துக் குளிசை, நான் வீட்டுக்குப் போன திகதி எல்லாம் எழுதினேன். பதிவேடு திரும்ப வரும்வரைக்கும் பதினாலு மாதம், எழுபத்துமூன்று பெண்கள். உன்னிடம் கேட்காமல் எடுத்தேன், சொன்னால் குதிப்பாய் என்று இவ்வளவு நாளும் சொல்லவும் இல்லை. இப்போது சொல்லிவிட்டேன், குதிப்பதானால் முழுவதையும் வாசித்துவிட்டுக் குதி.

போன பங்குனியில் டொக்டர் கிறிஸ்துநாயகம் என்று ஒருவர் வந்தார். தாய்மாரின் சுகநலம் பற்றி ஆராய்ச்சி செய்கிறாராம், ஏதோ வெளிநாட்டு நிறுவனம் உதவி செய்கிறதாம், ஒவ்வொரு பகுதி மருத்துவிச்சியிடமும் பதிவேடு வாங்கிப் பார்க்கிறாராம். அவர் வந்த நேரம் நான் சைக்கிளில் ஒரு பிள்ளைப்பேறு வீட்டுக்குப் போயிருந்தேன். பதிவேடுகளையும் உன் தாள்கட்டையும் ஒன்றாகத்தான் மேசையில் வைத்துவிட்டுப் போனேன், வந்தால் கொடுங்கள் என்று அப்பாவிடம் சொல்லியும் இருந்தேன். உன் அப்பா செய்த வேலையைக் கேள். அந்தக் கட்டை அவிழ்த்து, மேலே இருந்த உன்னுடைய கணக்கை டொக்டருக்குக் காட்டி, உது என்ரை மகளின்ரை கணக்கு, கனடாவிலை பெரிய ஆராய்ச்சி செய்யிறாள், எங்கடை ஊரிலை ஒருத்தருக்கும் உது விளங்காது எண்டு நெஞ்சை நிமிர்த்திக் கதைத்திருக்கிறார். அந்த மனிசனும் நாலு தாளைப் பார்த்துவிட்டு, நல்ல பிள்ளை, கவனமாய் எடுத்து வையுங்கோ ஐயா, கறையான் பிடிச்சிடும் எண்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பதிவேடுகளை மட்டும் கொண்டுபோய்விட்டார். படித்தவர் ஒருவர், படியாதவர் ஒருவர், இரண்டு பேரில் ஒருவருக்காவது ஒரு தாளைப் புரட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. நான் வந்து பார்த்தபோது கட்டு அலுமாரிக்குள் இருந்தது, வேலை முடிந்து திருப்பித் தந்துவிட்டார்கள் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன்.

புரட்டாதியில் பகுதிக் கூட்டத்தில் அந்த அறிக்கையை வாசித்தார்கள். எங்கள் பகுதியில் ஆனி தொண்ணூறு முதல் ஆடி தொண்ணூற்றொன்று வரைக்கும் மருத்துவிச்சியின் வீட்டுத் தரிசிப்பு, அதாவது வீடு தேடிப் போய்ப் பார்த்தது, பூச்சியம் என்று அச்சடித்திருக்கிறது. பூச்சியம்! பொம்பர் விமானம் சுற்றும்போது வாழைத் தோட்டத்துக்குள் சைக்கிளைப் போட்டுவிட்டுக் குப்புறப் படுத்திருந்து, எழும்பிச் சேலையைத் தட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனவளுக்குப் பூச்சியம். அதையாவது நான் விழுங்கியிருப்பேன். இறந்துபோன தாய்மாரைப் பற்றி எழுதிய இடத்தில், நாலாவது தாய், வயது இருபத்துநாலு, கர்ப்பகாலப் பராமரிப்பு எதுவும் பெறாதவர், காரணம் குடும்பத்தின் அசட்டை என்று இருக்கிறது. பெயர் போடவில்லையாம், பெரிய நாகரிகம். இந்த ஊரில் அந்த வருஷம் பிள்ளைப்பேற்றில் செத்த இருபத்துநாலு வயதுக்காரி யார் என்று தெரியாதவர்கள் இருக்கிறார்களா? அது எங்கள் தங்கமுத்துவின் மகள் பத்மாசினி. உனக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவள், இரட்டைப்பின்னல் போட்டு எங்கள் கிணற்றடிக்கு வருவாளே, அவள்.

அவளிடம் நான் ஏழு தரம் போனேன். கடைசித் தரம், தொண்ணூறு கார்த்திகையில், பிரஷர் ஏறியிருந்தது, பெரியாஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும் என்று நானே சொல்லி, தங்கமுத்து ஊர் முழுக்க எண்ணெய்க்கு ஓடி, கடைசியில் ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் பிடித்துப் பின்பெட்டியில் பாய் விரித்து ஏற்றினோம், நானும் கூடப் போனேன். இருபாலையில் ஹெலிகொப்டர் வந்து சுடத் தொடங்கியது. முக்கால் மணித்தியாலம் மரத்துக்குக் கீழே நின்றோம். அதற்குள் பிள்ளை பிறந்து இரத்தம் போகத் தொடங்கிவிட்டது, என் இரண்டு கையாலும் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டே போனேன், பட்டப்பகல், ரோட்டில் ஒரு வாகனம் இல்லை. நல்லூரைத் தாண்டும்போது அவள் முடிந்துபோனாள். பிள்ளை தப்பியது, இப்போது ஓடித்திரிகிறது. அந்தக் கார்த்திகை மாதத்தின் பெயர் அசட்டை என்று ஒருவர் மேசையில் இருந்து எழுதியிருக்கிறார்.

கூட்டம் முடிந்து மூன்றாம் நாள் தங்கமுத்து என்னிடம் வந்தாள். பத்மாசினியின் புருஷன் வீட்டார் அந்த அறிக்கையைக் கேள்விப்பட்டு, பிள்ளையைப் பாராமல் விட்டுச் சாகக் கொடுத்த உன்னிடம் இனிப் பேரனையும் விடமாட்டோம் என்று நிற்கிறார்களாம். மிஸி, என்ரை பிள்ளையை நான் கவனிக்கேல்லையாம் எண்டு கடதாசியிலை அடிச்சுப்போட்டினமாம், நீங்கள் வந்தது உண்மைதானே மிஸி எண்டு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். எனக்கே அது உண்மையா என்று ஒரு கணம் சந்தேகம் வருகிற மாதிரிக் கேட்டாள். அப்போதுதான் அலுமாரியைத் திறந்து கட்டை எடுத்தேன், அப்போதுதான் உன் அப்பாவும் நடந்ததை வாய் திறந்து சொன்னார். அன்றைக்கு அவருக்கு நான் சோறு போடவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

அடுத்த நாளே கட்டையும் கொண்டு டொக்டரிடம் போனேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, கதிரை தந்து தேத்தண்ணியும் தந்தார். தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார், முகம் ஒருமாதிரிப் போய்விட்டது. பிறகு சொல்கிறார், குறை நினையாதேங்கோ மிஸி, உது அச்சிலை ஏறியிட்டுது, கணக்குத் தாளுக்குப் பின்னாலை எழுதினதை ஆவணம் எண்டு ஒருத்தரும் ஏற்கமாட்டினம், உங்கடை ஒரு பகுதியைச் சேர்த்தாலும் மொத்த முடிவு மாறாது எண்டு. அதோடு ஒரு கடிதத்தை நீட்டினார். குறித்த காலத்தில் பதிவுகள் பேணப்படவில்லை என்று ஒரே ஒரு வரி, அதில் கையெழுத்து வைத்தால் என்மேல் விசாரணை ஒன்றும் வராமல் தான் பார்த்துக்கொள்வாராம். தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

இந்த நெருப்போடு இருக்கும்போதுதான் உன் கடிதம் வந்தது. நாலாம் பக்கத்தில் நீ எழுதியிருக்கிறாய். சுரங்கத்தில் வேலைசெய்கிறவர்கள் நெஞ்சில் ஒரு சின்ன வில்லை குத்தியிருப்பார்களாம், உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சுப் பட்டது என்று அதில் தெரியுமாம், நாற்பது பேர்வரையில் அதைத் தொலைத்த மாதங்களுக்குப் பூச்சியம் போட்டுக் கணக்குப் பார்த்திருக்கிறீர்களாம், மொத்த முடிவு மாறாது என்று பேராசிரியர் சொல்கிறாராம், தையில் நீ கையெழுத்து வைத்தால் பட்டம் வந்துவிடுமாம். என்னமோ சந்தைக்குப் போய் வந்ததைப்போல எழுதியிருக்கிறாய். மொத்த முடிவு மாறாது! கனடாவிலும் நீர்வேலியிலும் ஒரே வாயா இவர்களுக்கு? அட்சரகணிதம் என்று போனவள் சுரங்கத்துக்கு மாறினபோதே அப்பாவுக்குப் பிடிக்கவில்லை, மண் கிண்டுகிற வேலை என்று ஊர் நினைக்கும் என்று இன்றைக்கும் நீ கணக்குத்தான் படிக்கிறாய் என்றே எல்லோருக்கும் சொல்லித் திரிகிறார். நான்தான், மனிதருக்குப் பிரயோசனமான படிப்பு, படிக்கட்டும் என்றேன். இதற்கா?

எனக்குக் கதிர் தெரியாது. ஆனால் வில்லையைத் தொலைத்தவன் அந்த மாதம் நிலத்துக்குக் கீழே மூச்சு விடாமலா வேலைசெய்தான்? அவனுக்கும் ஒரு பெண்சாதி இருப்பாள், நாளைக்கு அவனுக்கு நெஞ்சில் ஒன்று வந்தால், அவனுக்குத்தான் ஒன்றும் படவில்லையே, பார், எழுதியிருக்கிறது என்று நீ கையெழுத்து வைத்த கடதாசியை அல்லவா அவளுக்குக் காட்டுவார்கள்? தெரியாது என்பது வேறு, பூச்சியம் என்பது வேறு. கணக்குப் படித்த உனக்கு அதை மருத்துவிச்சி சொல்லித் தரவேண்டியதாய் இருந்தால், நீ எழுதிய தாள்களில் பின்பக்கம் மட்டும்தான் பிரயோசனம் என்று ஆகிவிடும். அவர்கள் வேலைக்கு வந்த நாள்களுக்கு ஒரு வரவு இடாப்பு இருக்கும்தானே, அதைத் தேடு. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு அந்த மாதம் எங்கே நின்றாய் என்று கேள். ஒன்றும் கிடைக்காவிட்டால் தெரியாது என்று எழுது, வெட்கமில்லை. பட்டம் ஒரு வருஷம் பிந்தினால் பிந்தட்டும். சித்திரைக்கு மகள் டொக்டர் ஆகிவிடுவாள் என்று அப்பா ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறார், அவர் சொன்னதை அவரே திருத்துவார், இப்போது அவருக்கு அது பழகிவிட்டது.

ஏனென்றால் இந்த மூன்று கிழமையும் நானும் அவரும் வீடுவீடாகப் போய் வருகிறோம். முதுகு நோவோடு அவர் சைக்கிளை உருட்ட, நான் தாள்கட்டோடு பின்னால் நடக்கிறேன். ஒவ்வொரு பெண்ணிடமும் அவளுடைய வரியைக் காட்டி, நான் வந்தது உண்மையென்றால் பக்கத்தில் கையெழுத்து வை என்கிறேன். எழுபத்துமூன்றில் அறுபத்தாறு வாங்கிவிட்டேன். ஒவ்வொரு வாசலிலும் உன் அப்பா, மிஸியிலை பிழை இல்லை, நான்தான் குடுக்காமல் எடுத்து அலுமாரிக்குள்ளை வைச்சனான் எண்டு கேட்காமலே சொல்கிறார். பத்மாசினியின் வரிக்குத் தங்கமுத்து பெருவிரல் வைத்தாள். ஏழு திகதியையும் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, பிறகுதான் வைத்தாள்.

கார்த்திகை இரண்டாம் வெள்ளிக்கிழமை அடுத்த கூட்டம். டொக்டர் வருவார், பெரியவர்கள் வருவார்கள், பத்மாசினியின் புருஷன் வீட்டாரையும் வரச்சொல்லியிருக்கிறேன். அங்கே நான் எழும்பி அந்த ஏழு திகதியையும் வாசிக்கப்போகிறேன். வேலையை எடுத்தால் எடுக்கட்டும், தங்கமுத்துவிடம் இருந்து அந்தப் பேரனை எடுக்க விடமாட்டேன். எனக்கு உள்ளே பயம்தான், அத்தனை பேருக்கு முன்னால் நான் ஒருநாளும் கதைத்ததில்லை.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. சுரங்கத்துக்குள் இறங்கினால் உன்னுடைய வில்லையையும் மறவாமல் குத்து, பெண்ணாய்ப் பிறந்தவள் உடம்பைப் பார்க்கவேண்டும், இதை அம்மாவாக மட்டும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகளில் முடிந்தால் ஒருநேரச் சாப்பாட்டோடு விரதம் பிடி, முடியாவிட்டால் சாப்பிடு, முருகன் கோபிக்கமாட்டார். நீ நீண்ட ஆயுளோடும் நல்ல பெயரோடும் இருக்க எங்கள் இருவரின் ஆசியும் உண்டு. இந்தக் கடிதம் உனக்கு வந்து சேர்வதற்குள் எங்கள் கூட்டம் முடிந்துபோயிருக்கும், உன் பதில் எனக்கு வராது. ஆனபடியால் என் மகள் கையெழுத்து வைக்கமாட்டாள் என்று நானாக நினைத்துக்கொண்டுதான் அன்றைக்கு எழும்பி நிற்பேன். என்னைப் பொய்க்காரியாக்கிவிடாதே, பிள்ளை.

இப்படிக்கு,
கையெழுத்து வைக்காத உன் அம்மா,
ச. குணலட்சுமி