மூக்கில் வெடிமருந்து

11 பெப்ரவரி 1996, ஞாயிறு

பனி கொட்டியதால் நானும் அம்மாவும் வீட்டோடு கிடந்தோம். டிவியில் ஜப்பான்காரரின் குட்டி நீர்மூழ்கிகளைக் காட்டினார்கள். தோற்கும் தறுவாயில், கரையைக் காக்க அவசரமாகக் கட்டியவை. உள்ளே இரண்டு பேர்தான். டோர்பிடோ குண்டுகளுக்குத் தட்டுப்பாடு வந்ததால் மூக்கிலேயே வெடிமருந்தை அடைத்திருக்கிறார்கள். போய் மோத வேண்டியதுதான். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சனலை மாற்றினேன்.

போன மாதம், ஊரிலிருந்து கொழும்புக்கு வந்த ஒருவர் போன் எடுத்தார். என் தம்பி முல்லைத்தீவுப் பக்கம் இயக்கம் படகு கட்டும் இடத்தில் நிற்கிறானாம். என்ன படகு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அம்மாவிடம் மீன்பிடி வள்ளங்களுக்கு வெல்டிங் செய்கிறான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இரவு சாப்பிடும்போது அம்மா கேட்டார்.

"டிவியில காட்டின உதுகளைக் கட்டுற பெடியள் உதில ஏறமாட்டினம்தானே?"

"இல்லை அம்மா. கட்டுறவை வேற, ஓட்டுறவை வேற."

இடியப்பத்தைப் பிய்த்தபடி தலையாட்டினார். பிறகு, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அப்ப ஏன் சனலை மாத்தினனி?"