பெரியவள் சாப்பிடவில்லை

ஐப்பசி 4, வியாழன்
காலையிலிருந்து தூறல். துணி ஒன்றும் காயவில்லை. மில் துரை சீமைக்குப் போகிறாராம்; அவருடைய கண்ணாடித் தொட்டியை நம்மவர் வாங்கி வந்துவிட்டார், உள்ளே மீனோடு. சைவ வீட்டில் மீன்! மாமியார் இருந்திருந்தால் தொட்டியும் மகனும் வாசலில்தான்.

பின்னால் ஒட்டிய சீட்டில் இங்கிலீஷில் ஒரே சொல், 'சிக்லிட்'. அகராதியில் இல்லை. மொத்தம் மூன்று. கறுப்பு, துடுப்போரம் சிவப்பு: முரடன். சாம்பல் நிறம்: பெரியவள். வால் கிழிந்தது ஒன்று.

வேலைக்கு வரும் ரங்கம்மா எட்டிப் பார்த்து, "ஏனுங்க அம்மணி, இது எங்கூரு கொளத்துல..." என்று ஆரம்பித்தாள். "இந்த ஊட்டுல மீன் பேச்சே எடுக்கப்படாது, ஆமா" என்றேன். பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள்.

6, சனி
அவர் பம்பாய்க்கு. மில் வேலை, இரண்டு வாரம். "மீனைப் பாத்துக்க கண்ணு." எப்படி என்று சொல்லவில்லை. மனுஷர் எப்போதும் இப்படித்தான்.

9, செவ்வாய்
பெரியவள் சாப்பிடவில்லை. பொரி, ரொட்டித் தூள், கோதுமை மாவு... எதுவும் வேண்டாமாம். தாடை வீக்கம். பொன்னுக்கு வீங்கியோ? வைத்தியரைக் கேட்டால் சிரிக்கிறார். அக்கம்பக்கமும் சைவம். யாரைக் கேட்பது?
மாலை 6: உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டேன். நன்றாகக் கமறியது. அப்படியானால் கண்ணேறும் இல்லை.

15, திங்கள்
பெரியவளைச் சுற்றிச் சீரகம் சீரகமாகக் குஞ்சுகள்! எண்ண நின்றால்தானே. கல்யாணமாகிப் பதினோரு வருஷம், இந்த வீட்டில் முதல் பிரசவம். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. பாயசம் வைத்தேன். நானே குடித்தேன்.

மத்தியானம்: ஆசையாகக் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தேன். பெரியவள் வாயைப் பிளந்தாள். அத்தனை குஞ்சும் உள்ளே. தின்றுவிட்டாள்! சல்லடையால் பிடித்து வாளியில் போட்டேன். பயத்தில் எல்லாவற்றையும் கக்கினாள், உயிரோடு. கரண்டியால் மொண்டு மொண்டு தொட்டியில் விட்டேன். ராட்சசி வாளியிலேயே கிடக்கட்டும்.

16, செவ்வாய்
தொட்டியில் ஒரு குஞ்சுகூட இல்லை. முரடன் வயிறு உப்பலாக.

ரங்கம்மா விஷயம் கேட்டு வாளி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "அது திங்கலீங்க அம்மணி. முட்டையிலிருந்தே வாயில வெச்சுத்தானுங்க காப்பாத்தும். அதுக்குத்தான் பட்டினி கெடந்துருக்குது. ஏதாச்சும் கிட்ட வந்தா வாயத் தொறக்கும், குஞ்செல்லாம் உள்ள ஓடிக்கும். ஜிலேபிக் கெண்டைங்க, எங்கூட்டுல கொளம்பு வெக்கறதுதான்."

"தெரிஞ்சுமா சொல்லல?"

"மீன் பேச்சே எடுக்கப்படாதுன்னு சொல்லிப்போட்டீங்களே."

அவளைத் திட்ட என்ன இருக்கிறது. நாள் முழுக்க ஒரு வாய் சாப்பிட முடியவில்லை.

17, புதன்
வெயில். துணி காய்ந்தது. முரடனை வாளிக்கும் பெரியவளைத் தொட்டிக்கும் மாற்றினேன். மூலை மூலையாகத் தேடுகிறாள். அவருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன், 'நலம்' என்பதோடு நிற்கிறது.

பொரி போடலாம் என்று தொட்டியருகே போனேன். என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள். ஓடி வர ஒன்றுமில்லை. நான் பின்னால் நகர்ந்த பிறகும் மூடவில்லை.