ஒரு ‘நாட்’ கூடிப்போன கதை

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய், எவ்வளவு கோபத்திலும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறவன் நீ. பதினோரு நாளாக நீ போனை எடுக்காததால்தான் பேனாவை எடுத்தேன், கிழித்துப் போடாமல் கடைசிவரை படி.

நீ கட்டிக்கொள்ளப்போகிற பெண் அன்றைக்கு நம் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போன் செய்தபோது நான் ஒரு லென்ஸைச் சாணையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கையை விட்டால் கண்ணாடி போச்சு, தோளில் போனை இடுக்கிக்கொண்டு பேசினேன். தமிழ் அரைகுறையாகத் தெரிந்த பெண், நம் வீட்டாரிடம் முதல்முறையாகப் பேசுகிறாளே, என் இங்கிலீஷைக் காட்டிவிட வேண்டாமா? ‘இஸ் எனிபடி ஆங்க்ரி வித் மீ?’ என்று கேட்டாள். யாருக்கும் உன்மேல் கோபம் இல்லையம்மா என்று மனதில் தமிழில் நினைத்து, யாருக்கும் என்பதற்கு ஒரு நோபடி, இல்லை என்பதற்கு ஒரு நாட் என்று போட்டு, ‘நோபடி நாட் ஆங்க்ரி’ என்றேன். பிறகு மெதுவாக ‘ஸோ... எவ்ரிபடி?’ என்றாள். எல்லாருக்கும் சம்மதமா என்று கேட்கிறாள் போல என்று நினைத்து, ‘எஸ், எஸ், எவ்ரிபடி! அம்மா, அத்தை, மாமா, எவ்ரிபடி!’ என்று சாணைச் சத்தத்துக்கு மேலே கத்தினேன். தவளை தன் வாயால் கெடும் என்பது இதுதான்.

அன்று சாயங்காலமே, பிடிக்கலைன்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமே, அவகிட்ட ஏன் சொன்னீங்க என்று உன் செய்தி வந்தது. எதைப் பிடிக்கவில்லை என்று எங்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உன் அம்மா என்னைத்தான் முறைத்தாள், நீங்க என்னத்த உளறி வெச்சீங்கன்னு யோசிச்சுப் பாருங்க என்றாள். நானும் பக்கத்து மருந்துக்கடையம்மாவிடம் போய்ப் பேசியதை அப்படியே ஒப்பித்தேன். அவள் மாத்திரை அட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். நோபடிக்குள்ளயே இல்லை உக்காந்திருக்கு சார், நீங்க இன்னொரு இல்லையையும் சேர்த்தா ரெண்டும் அடிச்சுக்கிட்டுப் போயிடும், கோபப்படாதவங்க யாருமே இல்லைன்னு ஆயிடும் என்றாள். அந்தப் பெண் என்ன பாடுபட்டிருப்பாள்!

அதிலிருந்து தினமும் மத்தியானம் நானும் உன் அம்மாவும் மருந்துக்கடையில் மாணவர்கள். கேள்வி கேட்டால் எனிபடி, இன்னாரென்று சொல்லாமல் யாரோ ஒருத்தர் என்றால் சம்படி. எவ்ரிபடிக்கு ஆர் போடக்கூடாதாம், இஸ்தான். ஊரே திரண்டு வந்தாலும் ஒருமையா என்று சண்டை போட்டேன், ஒவ்வொருத்தரா எண்ணுற பாஷை சார் அது என்று வாயை அடைத்துவிட்டாள். உன் அம்மாவுக்குச் சம்படி ரொம்பப் பிடித்துவிட்டது. சம்படி குழாயை மூடலை, சம்படி ஈரத்துண்டைக் கட்டில்ல போட்டிருக்கு என்கிறாள். வீட்டில் இருப்பதே இரண்டு பேர், அந்தச் சம்படி யாரென்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

இனிப் பிழை வராது என்ற தைரியத்தில் நேற்று அந்தப் பெண்ணுக்கு நானே போன் செய்தேன். சாணையை நிறுத்திவிட்டு, நின்றுகொண்டு, ‘நோபடி இஸ் ஆங்க்ரி, எவ்ரிபடி இஸ் ஹேப்பி, மை மிஸ்டேக்’ என்றேன். அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை. பிறகு உன்னிடம் கற்ற தமிழில், ‘அப்பா, யாருக்கும் என்மேல் கோபம்’ என்றாள். எல்லாருக்கும் கோபம் என்கிறாளோ என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, அவள் ஊர் நோபடி மாதிரி நம் ‘யாருக்கும்’ என்பதிலும் ஒரு இல்லை இருக்கிறதென்று நினைத்துவிட்டாள்! எங்க பாஷைல இல்லையைத் தனியா சேர்க்கணும்மா என்றேன். சேர்த்துச் சொன்னாள், இரண்டு இல்லையாக: ‘யாருக்கும் என்மேல் கோபம் இல்லை, இல்லை!’ உன் அம்மா போனைப் பிடுங்கி, நம்ம பாஷைல ரெண்டு இல்லைன்னா இன்னும் அழுத்தம்தான், அவ சொன்னதுதான் சரி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மகனுக்கு நீங்களே எழுதுங்கள், நான் சொன்னால் சமாதானத்துக்குச் சொல்வதாக நினைப்பான் என்று சொன்னதும் அந்தப் பெண்தான். ஆக, இத்தனை நாளும் கோபமாக இருந்த ஒரே சம்படி நீதான்.

இருவரும் மனமொத்து நீடூழி வாழுங்கள். கல்யாணத்தில் வரவேற்புரை நான்தான் பேசுவேன், அதுவும் இங்கிலீஷில், என்று அவளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். தடுக்க வேண்டுமானால் உடனே போன் செய்.

ஆசிகளுடன்,
உன் அப்பா