எண்டர் தட்டிய வாப்பா

சங்கரன்கோவில்,
ஞாயிறு காலை.

அன்பு மகன் ரிஸ்வானுக்கு உம்மாவின் ஸலாம். நீயும் ஷாஹினும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க அல்லாஹ் அருள் புரிவானாக. நாங்கள் நலம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். போனில் பேசினால் நீ குறுக்கே விளக்கம் சொல்லுவாய், அதனால்தான் காகிதத்தில் எழுதி, தங்கச்சி சாஜிதாவைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வாசுதேவநல்லூர் மாமிக்கு மூட்டுவலி தேவலை. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீயும் உன் கம்பெனிக்காரர்களும் சேர்ந்து செய்கிற ஏஐ கோடிங் உதவியாளரை, கறுப்புத் திரையில் எழுத்தாகவே ஓடுமே அதை, போன லீவில் தங்கச்சி லேப்டாப்பில் ஏற்றிவிட்டுப் போனாய். அது லேசில் ஒரு வேலை செய்கிறதா? இந்த ஃபைலைப் பார்க்கலாமா, இந்த வரியை மாற்றலாமா என்று அடிக்கொரு தரம் நிற்கிறது. வியாழக்கிழமை அஸர் தொழப் போனவள், வாப்பா, இது நின்னு கேட்டா எண்டரைத் தட்டுங்க, தொழுதுட்டு வாரேன் என்று அவரை உட்காரவைத்துவிட்டாள். அவளையும் ஏசியாகிவிட்டது. உன் வாப்பா முப்பத்திரண்டு வருஷம் விசைத்தறியில் நின்றவர். தறி நின்றால் நூலை முடிந்து உடனே ஓட்டிவிட வேண்டும், அதுதான் அவருக்குத் தெரிந்தது. இங்கிலீஷ் தெரியாத மனிதர், நிற்க நிற்கத் தட்டியிருக்கிறார். கடைசியாக, பழைய ஃபோல்டரை முழுக்க அழிக்கட்டுமா என்று கேட்டிருக்கிறது. அதே எழுத்து, அதே இடம். அதற்கும் தட்டிவிட்டார். அதற்குள் இருந்த சாஜிதாவின் நாலு மாத ப்ராஜெக்ட் போய்விட்டது.

உனக்குப் போன் போட்டால் நீ என்ன சொன்னாய்? உம்மா, அது கேட்டுத்தானே அழிச்சிருக்கு, வாப்பாதான ஓகே குடுத்திருக்காங்க என்றாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தோம், அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தறிகூட நூல் அறுந்தால்தான் நிற்கும் ரிஸ்வான், உங்கள் சாமான் ஒன்றுமில்லாததற்கெல்லாம் நின்று நின்று, அறுக்கப் போகிறபோதும் அதே மாதிரி நின்றால் மனிதனுக்கு எப்படித் தெரியும்? உன் நிக்காஹ் அன்று ஷாஹினிடம் சம்மதம் கேட்க வக்கீலாக நின்ற பெரியவரும் இரண்டு சாட்சியும் போனார்களே, டீ குடிக்கிறியா என்று கேட்கிற குரலிலா கேட்டார்கள்? வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவ்வளவு படித்தவர்களுக்கு இது தோன்றவில்லையா? எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

சாஜிதாவின் கூட்டாளி கோமதித்தாயிடம் பதினைந்து நாளைக்கு முந்திய காப்பி இருந்தது. அதை வைத்து இவள் மறுபடி எழுதுகிறாள், புதன்கிழமைக்குள் முடித்துவிடுவாள். எனக்கு அந்தக் கவலை இல்லை. உன் வாப்பா நேற்று தண்ணீர் மோட்டார் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு, ஷரீபா, போடட்டுமா என்று என்னிடம் கேட்டார். கேட்காமல் ஒரு காரியமும் செய்யமாட்டேன் என்கிறார், தறிக்கூடத்துக்கும் போகவில்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் இப்படி நின்று நான் பார்த்ததில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். இதைப் படித்ததும் வாப்பாவைக் கூப்பிட்டு, தப்பு எங்க பேர்லதான் வாப்பா என்று சொல். பேசட்டுமா உம்மா என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருக்காதே. பேசு.

துஆவுடன்,
உன் உம்மா ஷரீபா பீவி