லியோனல் மச்சானின் பழைய ரிவால்வர்

பொண்டி, பாரிஸ் புறநகர்
5 நவம்பர் 2024

அன்புள்ள மாப்பிள்ளை எமிலுக்கு,

நாங்கள் நலம். கல்லறைத் திருநாளன்று உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாம் போட்ட கூச்சலுக்குப் பிறகு, என் தங்கை செசில் ரிவால்வர் பேச்சை இனி யாரும் வாயால் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். எழுதக் கூடாது என்று சொல்லவில்லையே.

உம்முடைய புது ரிவால்வர் துருப்பிடிக்காது, சரி. சாப்பாட்டுக் கரண்டியும்தான் துருப்பிடிக்காது. என்னுடையது நாம் இருவரும் போலீசில் சேர்ந்த காலத்தில் செய்தது. ஒவ்வொரு பாகத்தையும் ஒரு மனுஷன் உட்கார்ந்து அரத்தால் ராவிப் பொருத்தியிருக்கிறான். தோட்டா போடுகிற சிலிண்டரை மூடினால் நல்ல வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் வரும். உம்முடையதை ஆட்டினால் கிலுகிலுப்பை. விசையை இழுத்தால் சோற்றில் கல் கடிபடுகிற மாதிரி இருக்கிறது.

துப்பாக்கி கிளப்பில் நான் சுட்ட இலக்கு அட்டையைப் பார்த்து நீர் சிரித்ததாக, அங்கே நம்மோடு சுடுகிற மாக்சிம் சொன்னான். அன்றைக்குக் குளிர். அவ்வளவுதான்.

உம் மச்சான்
லியோனல்


லா ஷாப்பெல், பாரிஸ்
10 நவம்பர் 2024

மகா கனம் பொருந்திய மச்சான் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததுமே செசில் தலையில் அடித்துக்கொண்டாள்.

கையால் ராவியது என்று பெருமைப்படுகிறீர்கள். ஒரு பாகம் உடைந்தால் என்ன செய்வீர்கள்? வேறெதுவும் அதில் பொருந்தாது. ராவிய மனுஷனைக் கல்லறையிலிருந்துதான் எழுப்ப வேண்டும். என்னுடையதை மெஷின் வெட்டியது. எழுதிப்போட்டால் பாகம் தபாலில் வரும், அப்படியே உட்காரும். பலமான தோட்டா போட்டாலும் தாங்கும். உங்களுடையதுக்குப் பத்தியச் சாப்பாடுதான்.

நான் சிரிக்கவில்லை, மச்சான். பயந்துபோனேன். கறுப்பு வட்டத்தை விட்டு வெளியே போகாத ஆள், அட்டையையே விட்டுவிட்டுச் சுவரைச் சுட்டிருக்கிறீர்கள். ரிவால்வரில் கோளாறு. கொண்டுவாருங்கள், பார்க்கிறேன்.

அன்புடன்
எமில்


பொண்டி
17 நவம்பர் 2024

எமில்,

ரிவால்வரில் கோளாறு இல்லை. அது கோயில் மாதிரி. கோளாறு என் கையில்தான்.

விசையை இழுக்கும்போது மணிக்கட்டு நடுங்குகிறது. ஒரு மாதத்துக்கும் மேலாக இப்படித்தான். அப்பாவுக்கு என் வயதில் வலது கையில்தான் நடுக்கம் ஆரம்பித்தது. கடைசியில் கரண்டியை வாய்வரை கொண்டுபோக முடியவில்லை. ஜனவரியில் டாக்டரிடம் நாள் வாங்கியிருக்கிறேன். அவரும் அதையே சொன்னால், ரிவால்வரை பொபினியில் இருக்கிற பிரிஃபெக்ச்சூர் அரசு அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுவேன்.

கோசலையிடம் சொல்லவில்லை. கட்டின பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. செசிலிடமும் சொல்லாதீர். அப்பாவுக்கு ஊட்டிவிட்டவள் அவள்தான்.

எனக்குப் பயமாக இருக்கிறது.

லியோனல்


லா ஷாப்பெல்
20 நவம்பர் 2024

மச்சான்,

சனிக்கிழமை காலை கிளப்புக்கு வாருங்கள். உங்களுடையதை நான் சுடுகிறேன், என்னுடையதை நீங்கள் சுடுங்கள். கை நடுங்கினால் என் ரிவால்வரிலும் நடுங்கத்தானே வேண்டும்? நடுங்கினால் டாக்டரிடம் நானும் வருகிறேன். தனியாக விடமாட்டேன்.

வராவிட்டால் ரயிலேறி உங்கள் வீட்டுக்கே வந்து கோசலை அக்காவிடம் சொல்லிவிடுவேன்.

எமில்


பொண்டி
24 நவம்பர் 2024

என் அருமை மாப்பிள்ளைக்கு,

நேற்று நன்றி கூடச் சொல்லாமல் ரயிலேறிவிட்டேன். வாயைத் திறந்தால் அழுதிருப்பேன்.

உம்முடைய கிலுகிலுப்பையால் நான் சுட்டதெல்லாம் கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தது. என்னுடையதால் நீர் சுட்டது சுவருக்குப் போனது. உம்முடைய மணிக்கட்டும் நடுங்கியதைப் பார்த்தேன். அப்போதே என் வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. பிறகு சிலிண்டரின் பின்பக்கத் தகட்டுக்கு அடியில் நீர் ஊசியால் கிளறியபோது மஞ்சளாக ஏதோ உதிர்ந்தது. நீர் முகர்ந்து பார்த்துச் சந்தனம் என்றீர்.

வீட்டுக்கு வந்து கோசலையைக் கேட்டேன். அவள் யாழ்ப்பாணத்துக்காரி, சரஸ்வதி பூசையை விடமாட்டாள். கார், தையல் மெஷின், ரிவால்வர் எல்லாவற்றுக்கும் வருஷா வருஷம் பொட்டு வைப்பாள். நானே பெட்டகத்திலிருந்து தோட்டா இல்லாமல் எடுத்து வைப்பேன். இந்த அக்டோபரில் சிலிண்டரைத் திறந்தபடி வைத்துவிட்டேன். அவள் உள்ளேயும் பூசிவிட்டாள். வெளியே பட்டதைத் துடைத்தேன், உள்ளே பார்க்கவில்லை. விசையை இழுத்தால் சுற்ற வேண்டிய சிலிண்டரை அது காய்ந்து பிடித்துக்கொண்டது. நான் முழுக்கையாலும் விசையோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

இடுக்கில்லாமல் பொருத்திய ரிவால்வர், சந்தனத்துக்கு ஏது இடம்? உம்முடையது கலகலவென்று சுற்றியிருக்கும். எழுதியே தருகிறேன், பிழை என் பழைய ரிவால்வருடையது. தோற்றதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

என் பயத்தை எல்லாம் கோசலையிடம் கொட்டிவிட்டேன். சொல்லாமல் மறைத்ததற்கு நன்றாகத் திட்டினாள், பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டாக்டரிடம் எதற்கும் காட்டுவோம் என்று அவளும் வருகிறாள். உள்ளே எதற்குப் பூசினாய் என்று கேட்டேன்.

"இதின்ர குண்டு ஒருத்தரிலையும் படக்கூடாது எண்டு கும்பிட்டுத்தான் பூசினனான்" என்றாள்.

வேண்டுதல் பலித்திருக்கிறது, மாப்பிள்ளை. அன்றிலிருந்து அதன் குண்டு சுவரைத் தவிர எதன்மேலும் படவில்லை.

உம் மச்சான்
லியோனல்