முழங்கையால் பார்க்க வேண்டிய சூடு

ஹாலிஃபாக்ஸ்
4 மார்ச் 1962

அன்பு மகள் ப்ரெண்டாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அப்பாவும் குறையில்லாமல் இருக்கிறோம், அப்பாவுக்கு இருமல் மட்டும் விட்டபாடில்லை. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் என் பேரப்பிள்ளையும் அந்த நியூசிலாந்தில் சுகமாக இருக்கவேண்டும் என்று நினைக்காத நாளில்லை. பக்கத்து வீட்டுப் பூனை நம் கரிக்கொட்டகையில் நான்கு குட்டி போட்டிருக்கிறது, அப்பா திட்டிக்கொண்டே பால் வைக்கிறார்.

குழந்தையை லூக்வார்ம் தண்ணீரில் குளிப்பாட்டும்படி தாதி கொடுத்த தாளில் எழுதியிருக்கிறது, யாரம்மா அந்த லூக், அவனுக்கும் வெந்நீருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருந்தாய். நீ விளையாட்டாகத்தான் கேட்டாய், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நூலகத்துக்குப் போனேன். அங்கே இருக்கும் மிஸ் அக்ராய்ட் பெரிய அகராதியைப் புரட்டிவிட்டு, "அப்படி ஒரு ஆளே கெடையாது மிசஸ் ஹோல்ராய்ட், அந்தக் காலத்துல லூக்னாலே வெதுவெதுப்புதான், நம்ம கெழவனுங்க லியூன்னு சொல்றாங்களே, அதுக்கு ஒறவு" என்றாள். அரைமனதுக்காரர்களையும் பல நூறு வருஷமாக இந்தச் சொல்லால்தான் ஏசுகிறார்களாம். அதைக் கேட்டதும் என் முகம் சுண்டிப்போனது. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

உன் இடது காலில் முழங்கால்வரை இருக்கும் தழும்பு, ஐவி அத்தை உன்னைச் சுடுதண்ணீரில் இறக்கியதால் வந்தது என்று சொல்லி வளர்த்தோம். அது பொய். இறக்கியவள் நான். பதினான்கு வயதிலிருந்து சலவைக்கூடத்தில் கொதிக்கிற துணியை அள்ளி அள்ளி என் கை மரத்துப்போயிருந்தது. முழங்கையை விட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். நான் அவசரத்தில் கையை விட்டேன், என் கைக்கு லியூவாகத்தான் இருந்தது. நீ வீரிட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அப்பா ஓடிவந்து யார் செய்தது என்று கத்தினார். நான் வாயைத் திறப்பதற்குள் ஐவி, "நான்தாண்ணே, கவனிக்கல" என்றாள். பிறகு சமையலறையில் என்னிடம், "விடுங்க அண்ணி, எனக்கென்ன புருஷனா புள்ளையா, அண்ணன் நாலு நாள் குதிச்சுட்டு அடங்கிடுவாரு" என்றாள். அவர் அடங்கவில்லை. அந்த வாரமே தங்கையை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டார். இருபத்தாறு வருஷம் ஆகிறது. உன் கல்யாணத்தன்று தேவாலயத்துக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் நின்று உன்னைப் பார்த்தாள், நான் பார்த்தும் பார்க்காதவள்போல் உள்ளே போனேன். இத்தனை நாளும் உண்மையைச் சொல்லவும் இல்லை, மறக்கவும் இல்லை. அந்தச் சொல்லுக்கேற்ற ஆள்தான் நான். வெட்கமாக இருக்கிறது ப்ரெண்டா.

போன சனிக்கிழமை சந்தையில் ஐவி என்னை நிறுத்தினாள். உனக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வெள்ளைக் கம்பளியில் ஒரு ஜோடி குட்டிக் காலுறை பின்னி வைத்திருந்தாள். "நான் குடுத்தேன்னு சொல்லிடாதீங்க அண்ணி, அப்புறம் புள்ளைக்குப் போடமாட்டா" என்று நீட்டினாள். வாங்கிக்கொண்டு வீடுவரை அழுதேன்.

காலுறையை இத்துடன் வைத்திருக்கிறேன். அத்தைக்கு நாலு வரி எழுது, முகவரி பின்பக்கம் இருக்கிறது. என்மேல் கோபம் வந்தால் அதை எனக்கு எழுது. இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிடு. பிரசவம் நல்லபடியாக முடிந்து தாயும் சேயும் செழிப்பாயிருக்க ஆண்டவர் துணை நிற்கட்டும். தண்ணீரைக் கையால் பார்க்காதே, முழங்கையால் பார். உறையை ஒட்டும்முன் இதை அப்பாவிடம் படிக்கக் கொடுக்கப்போகிறேன், அவருக்கும் இன்றுதான் தெரியப்போகிறது.

இப்படிக்கு,
உன் அம்மா
ஆனிஸ் ஹோல்ராய்ட்

ப்ரெண்டா, இரண்டு முறை படித்தேன். ஐவி எனக்குக் கதவைத் திறப்பாளா தெரியவில்லை. கோட்டு மாட்டிக்கொண்டேன், உன் அம்மாவும் வருகிறாள். தபால்பெட்டி போகிற வழியில்தான் இருக்கிறது.
அப்பா